நாற்பத்தொரு இடங்களில் மாதையன்

காவேரிப்பட்டணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
டயர் கடைக்கு மேல்மாடி.
கீழே லாரிக்குக் காற்றடிக்கும்போது
மேசை அதிர்ந்து
மவுஸ் தானாக நகரும்.

போன வருஷம் இதே வைகாசியில்
மாங்கூழ் கம்பெனியில் பெல்ட்டுக்கு முன்னால் நின்றேன்.
பெங்களூரா பழம் ஓயாமல் வரும்.
அழுகலை எடுத்து இடப்பக்கம் எறியணும்.
யோசித்தால் நாலு பழம் தாண்டிவிடும்,
அதனால் கண்ணுக்கு முன்னால்
கை கண்டுபிடித்துவிடும்.

இங்கேயும் பெல்ட்தான், டைம்லைன் என்று பேர்.
என்ன, இது நான் நிறுத்தினால் நிற்கிறது.

சி-யை அமுக்கினால் அம்பு கத்தியாகும் என்று
யாரும் சொல்லித் தரவில்லை.
டிபன் பாக்ஸ் மூடி கீபோர்டில் விழுந்தது.
அடுத்து நான் தொட்ட இடத்தில்
ஒரு மாப்பிள்ளை இரண்டு துண்டு:
தாலியை எடுத்தவர் இந்தப் பக்கம்,
கட்டப்போகிறவர் அந்தப் பக்கம்.
ஆல்பம் டிசைன் பண்ணும் ஷாகிரா
சிரிப்பை அடக்கிக்கொண்டு
கன்ட்ரோல் இசட் என்றாள்.

பெல்ட்டில் அது கிடையாது.
டின்னுக்குள் போனது போனதுதான்.
முதல் மாசம் முழுக்க
தேவையில்லாமல்கூட
கன்ட்ரோல் இசட் அடித்துப் பார்த்தேன்.

பச்சையப்பன் மகள் கல்யாணம்,
ஒன்பது மணி நேரம், மூன்று கேமரா.
பாக்கிப் பணத்தில் பாதியை மேசையில் வைத்துச் சொன்னார்:
"எங்கண்ணன் மாதையன் ஒரு இடத்துலயும் வரக் கூடாது."
கல்யாணத்துக்கும் இதற்கும் நடுவில்
கிணற்று வரப்பு ஒன்றரை அடி நகர்ந்திருந்தது.

எண்ணினேன். நாற்பத்தொரு இடம்.
மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு,
பந்தியில் ரச வாளியோடு,
ஜெனரேட்டர்காரனைத் திட்டிக்கொண்டு,
யாருடையதோ குழந்தைக்கு மூக்கைச் சிந்திவிட்டுக்கொண்டு.
கல்யாணத்தில் வேலை செய்தவர் அவர் ஒருத்தர்தான் போல.

முப்பது இடம் சுலபம்:
முன்னால் ஒரு வெட்டு, பின்னால் ஒரு வெட்டு,
டெலீட். வலப்பக்கம் இருந்ததெல்லாம்
ஓடிவந்து பள்ளத்தை மூடிக்கொள்ளும்.
பத்து இடத்தில் படத்தைப் பெரிதாக்கி
ஓரத்தோடு அவரைத் தள்ளினேன்.
முகங்கள் ரவை ரவையாய் உடைந்தன, பரவாயில்லை.

தாரை வார்க்கும் இடம் மட்டும் நகரவில்லை.
பச்சையப்பனுக்குக் கை நடுங்குகிறது.
சொம்புக்கு அடியில் இன்னொரு கை,
சுண்டு விரலில் செப்பு மோதிரம்.
அதை வெட்டினால் இவர் கையும் போகும்,
சொம்பும் தண்ணீரும் போகும்.
பதினோரு செகண்ட்,
இருநூற்று எழுபத்தைந்து பிரேம்.
ராத்திரி ஒன்பது மணிக்கு
சாஃப்ட்வேரிலேயே இருக்கிற ரோஜா இதழை எடுத்து
மேலிருந்து கொட்டவிட்டேன்,
மோதிரம் மூடும்வரை.

அப்புறம் ஹெட்போன்.
நாதஸ்வரம் திரையில் முள்வேலி மாதிரி
அடர்த்தியாய்ப் போகிறது.
வாசிப்பவர் மூச்சு வாங்கும் இடத்தில்
சின்னதாய் ஒரு மேடு, எறும்புப் புற்று அளவு:

"அழுவாதடா பச்சை. நான் இருக்கறன்ல."

கத்தியை அதன் மேல் கொண்டுபோனேன்.
கண்ணுக்கு முன்னால் போகிற கை
அங்கே சும்மா நின்றது.
வரக் கூடாது என்றுதான் சொன்னார்,
பேசக் கூடாது என்று சொல்லவில்லை
என்று எனக்கு நானே ஒரு வக்கீல் வாதம் பேசி
ரெண்டர் போட்டுவிட்டு
கடைசி டவுன் பஸ்ஸைப் பிடித்தேன்.

பென் டிரைவ் வாங்க வந்தவர்
இங்கேயே பார்த்துவிடுகிறேன் என்று உட்கார்ந்தார்.
பந்தி வந்தபோது ருசியாய்ப் பார்த்தார்.
ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம்.
ரோஜா கொட்டியது.
தலையைச் சாய்த்து
ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோனார்.

"இன்னொரு வாட்டி போடும்மா."

போட்டேன்.
மூன்றாவது வாட்டி அவர் கேட்காமலே போட்டேன்.
மீதிப் பணத்தை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.
படி இறங்கப் போனவர்
கதவைப் பிடித்தபடி நின்று கேட்டார்:

"அந்த எடத்துல எதுக்கும்மா பூவு?
நாங்க யாரும் தூவலயே."